பிடிக் கலயம்

வெள்ளிக்கிழமை விடிகாலையில் உப்போடைப்பட்டிச் சேவல்கள் கூவலாமா வேண்டாமா என்று யோசிக்கும். அதற்கு முன்னால் வெள்ளைத்தாய் கூவிவிடுவாள். இடுப்பில் நார்ப்பெட்டியை இடுக்கிக்கொண்டு தெருமுனையில் நின்று, "பிடியேய்!" என்று அவள் ஒரு சத்தம் கொடுத்தால் ஊரில் பாதிப் பேர் பாயைச் சுருட்டுவார்கள். மீதிப் பாதி காதைப் பொத்திக்கொண்டு, "இவளை யாரு பெத்தா" என்று திரும்பிப் படுக்கும்.

பிடி என்றால் வேறொன்றும் இல்லை. உலை வைக்கிறபோது, எடுத்த தானியத்தில் ஒரு கைப்பிடி அள்ளி உறியில் தொங்குகிற சின்னக் கலயத்தில் போட்டுவிட வேண்டும். கம்போ, கேப்பையோ, குதிரைவாலியோ, அன்றைக்கு அந்த வீட்டில் எது வேகிறதோ அது. யார் வீட்டுக் கலயத்திலாவது நெல்லரிசி கிடந்தால் அந்த வாரம் அங்கே மருமகன் வந்து போயிருக்கிறான் என்று அர்த்தம். வெள்ளிக்கு வெள்ளி வெள்ளைத்தாய் வந்து கலயத்தைக் கவிழ்த்து வாங்கிப் போவாள். அதில்தான் மாதர் சங்கத்துக் கொட்டகையில் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி கொதித்தது.

சங்கம் வந்த கதை ஊருக்கே தெரியும். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் திறந்ததும் பெண்களெல்லாம் கட்டை அடுக்கப் போனார்கள். மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக வரிசையில் செருகுகிற வேலை அது. விடிய ஆறு மணிக்கு நடந்தால் பொழுது சாயத்தான் திரும்புவார்கள். கைப்பிள்ளைகளை எங்கே விட? அறுபத்தொன்றாம் வருஷம் ஒருநாள், மாடு தேடிப் போன வெள்ளைத்தாய் கீழத்தெருவில் ஒரு பிள்ளை விக்கி விக்கி அழுவதைக் கேட்டு எட்டிப் பார்த்தாள். மாடத்தி வீடு. ஒன்றரை வயது மாரிசாமியின் இடுப்பில் பழஞ்சேலையை முறுக்கிக் கட்டி, மறுமுனையை நடுத்தூணில் முடிந்திருந்தது. எட்டுகிற தூரத்தில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர், ஒரு துண்டுக் கருப்பட்டி. கருப்பட்டியில் எறும்பு.

கன்றுக்குட்டியைக்கூட இத்தனை குட்டையாகக் கட்ட மாட்டார்களே என்று நினைத்தாள். பிள்ளையை அவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய், புருஷன் செல்லப்பாண்டியிடம், "பருத்திக் கொட்டகையை எனக்குக் குடுங்க" என்றாள். அந்த மனுஷர், "பருத்தியே வெளையலை, கொட்டகை எனக்கு எதுக்கு? எடுத்துக்கோ" என்றார். கொட்டகை சங்கமாயிற்று. மேலத்தெருப் பிள்ளை எட்டு, கீழத்தெருப் பிள்ளை பதினாலு, ஒரே வரிசை, ஒரே பானை. சமைக்கவும் பிள்ளைகளைப் பார்க்கவும் பஞ்சம்மாள். புருஷனைப் பறிகொடுத்தவள். வாய் மட்டும் ஏழு ஊருக்குக் காணும்.

ஒரே பானை என்றதும் மேலத்தெருப் பெத்தணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்தத் தெருத் தானியமும் நம்ம தானியமும் ஒரே பெட்டியிலயா?"

வெள்ளைத்தாய் நார்ப்பெட்டியை அவர் முன்னால் நீட்டினாள். "எது எந்தத் தெருக் கம்புன்னு நீங்களே பொறுக்கிக் குடுத்துருங்க மாமா. தனித்தனியா காச்சிருவோம்."

பெத்தணன் அன்றைக்கு நிறுத்தினார் பிடியை. அவளும் அந்த வாசலைத் தாண்டிப் போகப் பழகிக்கொண்டாள். ஒரு வீடு இல்லாவிட்டால் என்ன, நாற்பத்தேழு வீடு இருக்கிறது. கீழத்தெருப் பெண்கள் அதுவரை அவளை எட்டி நின்று "தாயி" என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். கொட்டகை வந்து ஆறு மாதம் கழித்து மாடத்திதான் முதன்முதலில், பிள்ளையை வாங்குகிற அவசரத்தில், "யக்கா, போயிட்டு வாரேன்" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வெள்ளைத்தாய் அன்றைக்குப் பூராவும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு திரிந்தாள். மறுநாளிலிருந்து கீழத்தெரு முழுக்க யக்காதான்.

இப்படி நாலு வருஷம் ஓடியது. அறுபத்தைந்தில் மழை ஏமாற்றியது. புரட்டாசியும் பொய், ஐப்பசியும் பொய். கரிசல் வெடித்து, வெடிப்புக்குள் காலை விட்டால் முழங்கால் வரை போயிற்று. வெம்பக்கோட்டைப் பக்கம் வைப்பாற்றில் ஊற்றுத் தோண்டியவர்கள் மணலைத்தான் அள்ளினார்கள். யூனியன் ஆபீசிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த பால் பவுடர் டின் நின்றது. கேட்கப் போனால் அங்கே இருந்த கிளார்க்கு, "மேலருந்து வரலம்மா" என்று மோட்டுவளையைக் காட்டினார். வெள்ளைத்தாயும் அண்ணாந்து பார்த்தாள். ஒட்டடைதான் தெரிந்தது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மாதம் ஒரு மூட்டை அரிசி கொடுத்துவந்தார். அவரும், "பம்பாய் ஆர்டர் நின்னு போச்சும்மா, சீசன் திரும்பட்டும்" என்று கையைப் பிசைந்தார்.

பஞ்சம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்தாள். "பவுடரும் போச்சு, அரிசியும் போச்சு. இனி என்னத்தக் காச்ச? கொட்டகையைச் சாத்திட்டு நாமளும் கட்டை அடுக்கப் போவமா?"

"ஏன் சாத்தணும்? அந்த ரெண்டும் நேத்து வந்த ஒறம்பரை. வந்தா விருந்து, வராட்டிப் போகட்டும். பிடி நம்ம வீட்டுப் பிள்ளை. அது எங்கன போயிரும்?"

"பிடி போட வீட்டுல தானியம் இருக்கணும்ல?"

அந்தக் கேள்வி வெள்ளைத்தாயைக் குத்தியது. மேலத்தெருவில் தானியக் குலுக்கையின் அடியில் போன வருஷத்துக் கம்பு கொஞ்சமாவது கிடந்தது. கீழத்தெருவில் குலுக்கை ஏது? கூலி கிடைத்த அன்றைக்கு வாங்கி அன்றைக்கே பொங்குகிற வீடுகள். ஆர்டர் குறைந்து ஆபீசில் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை. மாடத்தி புருஷன் இருளாண்டி கிணறு வெட்டுகிறவன். தண்ணீர் இல்லாத காலத்தில் கிணறு வெட்டக் கூப்பிடுவார்கள் என்று பார்த்தால், வெட்டிக் கூலி கொடுக்க ஆள் இல்லை. அங்கே போய் விடிகாலையில் பெட்டியை நீட்ட அவளுக்கு மனசு வரவில்லை. மழை விழுகிற வரைக்கும் கீழத்தெருவில் பிடி கேட்பதில்லை என்று அவளாகவே முடிவு செய்தாள். நல்ல முடிவுதானே? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதுவே அவர்களுக்குக் கௌரவக் குறைச்சலாகிவிடும் என்று நினைத்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை மேலத்தெருவோடு திரும்பினாள். "பிடியேய்" என்ற சத்தத்தைக்கூடக் கீழத்தெருவுக்குக் கேட்காமல் அடக்கிப் போட்டாள். அந்த வாரம் கொட்டகைக்குக் கீழத்தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் வந்தார்கள். காய்ச்சலாக இருக்கும் என்றாள் பஞ்சம்மாள். இரண்டாவது வெள்ளிக்குப் பிறகு மூன்று பேர். மூன்றாவது வெள்ளியன்று ஒருவரும் இல்லை. மேலத்தெருப் பிள்ளைகள் எட்டும் நீளவரிசையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தன. பஞ்சம்மாள் கஞ்சியை ஊற்றிவிட்டுப் பானைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"மிஞ்சுதுக்கா. பஞ்ச காலத்துல கஞ்சி மிஞ்சுற அதிசயத்தை நம்ம சங்கத்துலதான் பாக்கணும்."

வழியில் பெத்தணன் வேறு நிறுத்தி, முகம் நிறையச் சிரிப்போடு, "பரவால்லத்தா, ஒருவழியா சங்கத்தைச் சுத்தம் பண்ணிட்டியே" என்றார். அவளுக்கு அது விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் நெஞ்சில் முள்ளாக நின்றது.

அன்று சாயங்காலம் செல்லப்பாண்டி காளைகளுக்குக் காய்ந்த பருத்திமார்க் குச்சியை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். வேறு தீவனம் கிடையாது. அவள் தொழுவத்துக் கல்லில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். பிடி கேட்காமல் விட்டதையும் அப்போதுதான் சொன்னாள். மனுஷர் ஒடித்த கையை நிறுத்தினார்.

"ஏ வெள்ளை, நீ வெவரமானவன்னு ஊருக்குள்ள சொல்லுதாகளே, அது யாரைச் சொல்லுதாக?"

"கேலி பண்ணாதீக. நானே நொந்துபோயி வந்திருக்கேன்."

"சரி, கேக்கேன், சொல்லு. காளியம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி பிரிச்சு வாராக. எல்லா வீட்டுலயும் கேட்டு வாங்குதாக. ஒரே ஒரு வாசல்ல நிக்காம தாண்டிப் போயிட்டாக. அதுக்கு என்ன அர்த்தம்?"

"அந்த வீட்டை ஊரு ஒதுக்கி வச்சிருச்சுன்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"ம். அந்த வீட்டுக்காரன் என்ன செய்வான்? வரி மிச்சம்னு சந்தோசப்படுவானா?"

அவள் கீழே கிடந்த பருத்திமாரை எடுத்து ஒடித்தாள்.

"நாலு வருசமா அந்தத் தெருத் தானியத்தையும் இந்தத் தெருத் தானியத்தையும் ஒரு பெட்டியில கொட்டிக்கிட்டு வந்தவ நீ. அதுக்குத்தான் அவுக ஒன்னைய அக்கான்னு கூப்பிட்டது, கஞ்சிக்கு இல்ல. இப்ப மேலத்தெருவோட திரும்பிட்டே. அதுவும் சத்தமில்லாம. பெத்தண மாமா சொன்ன சுத்தம் என்னன்னு இப்ப வெளங்குதா?"

வெள்ளைத்தாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். "அய்யோ, நான் அவுக பாடு தெரிஞ்சுல்ல கேக்காம விட்டேன்."

"ஒம் மனசு எனக்குத் தெரியும். வாசலுக்குத் தெரியுமா? பாக்காத பயிரும் கேக்காத கடனும் போகாத ஒறவும் கெட்டுத்தான் போகும். போ, போயிக் கேளு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும். அதைச் சொல்லுறதுக்காவது ஒரு ஆளு வந்து நிக்கணும்ல."

மறுநாள் சனிக்கிழமை. பிடி வாங்குகிற கிழமை இல்லை. ஆனாலும் இருட்டு கலைவதற்குள் அவள் பெட்டியோடு கீழத்தெருவில் நின்றாள். ஊரையே எழுப்புகிற தொண்டை அன்றைக்கு எழும்பவில்லை. மாடத்தி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் மண்டி போட்டு, இளையவள் வள்ளித்தாயின் இடுப்பில் சேலைக் கயிற்றை முடிந்துகொண்டிருந்தாள். அதே தூண். பிள்ளைக்கு இரண்டு வயது. மூத்தவன் மாரிசாமி பள்ளிக்கூடத்துக்குப் போகிறவன். அவன் தங்கச்சி இப்போது அந்தக் கயிற்றில்.

வெள்ளைத்தாய் வாசலில் நின்று கூப்பிட்டாள். "ஏத்தா மாடத்தி."

மாடத்தி திரும்பிப் பார்த்தாள். முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

"வாங்க தாயி."

அந்த ஒரு சொல்லில் நாலு வருஷமும் போயிற்று. அவள் வசை பாடியிருந்தால்கூட வெள்ளைத்தாய் தாங்கியிருப்பாள்.

"தாயியா நான் ஒனக்கு?"

"வேற எப்படிக் கூப்பிடணும்? நீங்க சொல்லுங்க, அப்படியே கூப்பிடுதேன்."

"பிள்ளையை ஏன்டி கொட்டகைக்கு அனுப்பலை?"

"எங்க பிடி வேண்டாம்னு ஆனப்பெறகு எங்க பிள்ளை மட்டும் என்னத்துக்கு அங்கன வந்து கையேந்தணும்? தானியம் தீட்டாப் போச்சுன்னா அதைத் திங்குற வாயும் தீட்டுத்தான தாயி." தெருவில் ஆபீசுக்குப் போகிற பெண்கள் கூடிவிட்டார்கள். "மாடத்தி, நேரமாச்சு" என்று ஒருத்தி கூப்பிட்டாள். மாடத்தி அசையவில்லை. "பிடி போட்ட வரைக்கும் எம் பிள்ளை சாப்பிட்டது எங் கஞ்சி. போடாம சாப்பிட்டா அது தருமக் கஞ்சி. தருமக் கஞ்சிக்கு இந்தத் தெருவுல ஆள் இல்ல."

"நான் அப்படி நெனைக்கலைடி. காளியாத்தா சத்தியமா நெனைக்கலை." வெள்ளைத்தாய் ஓரடி முன்னால் வந்தாள். "மளை இல்ல, வேலை இல்ல. நீங்க ஒரு வேளை பொங்குறதே பெரும்பாடா இருக்கே, இதுல நானும் வந்து பெட்டியை நீட்டணுமான்னு வெக்கப்பட்டுத்தான் வரலை. ஒங்களுக்கு இரக்கம் பாக்குறதா நெனைச்சு ஒங்களைத் தள்ளி வச்சுட்டேன். எம் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

பிள்ளை கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?" என்றாள் மாடத்தி.

"இப்பக் கேக்கேன்." வெள்ளைத்தாய் இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினாள். "பிடி போடு."

மாடத்தி உள்ளே போய் உறியிலிருந்து கலயத்தை இறக்கினாள். அதில் ஒன்றும் இருக்காது என்றுதான் வெள்ளைத்தாய் நினைத்தாள். கலயத்தைக் கவிழ்த்தபோது கம்பு சரசரவென்று பெட்டியில் கொட்டியது. கம்போடு கறுப்பாகவும் ஏதோ உருண்டன. புளியங்கொட்டைகள். பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"நான்தான் வரலையேடி. யாருக்குன்னு போட்டே?"

"நீங்க வராட்டி நான் போடாம இருக்கணுமா? உலை வச்சா கை தன்னால கலயத்துக்குப் போகுது. நாலு வருசப் பளக்கம்."

"இந்தப் புளியங்கொட்டை?"

மாடத்தி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். "அது, உலை வைக்காத நாளுக்கு. கலயம் வெறுங்கலயமாத் தொங்கப்படாதுல்ல? ஒரு கொட்டை போட்டு வச்சேன்."

இருபத்தொரு நாளில் பத்துப் பன்னிரண்டு நாள் இந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. வெள்ளைத்தாய் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அழுகையை மறைக்கக்கூட முயலாமல், மண்டி போட்டுத் தூண் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகிக்கொண்டே போனது. மாடத்தி குனிந்து அவள் கையை விலக்கினாள்.

"தள்ளுங்க. ஒங்களுக்குக் கட்டை அடுக்கிப் பளக்கம் இல்ல. இதெல்லாம் விரல் வேலை." ஒரே இழுப்பில் அவிழ்த்துப் பிள்ளையைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். "மூக்கு ஒளுகுது, பஞ்சம்மாகிட்டச் சொல்லி வெந்நி வைக்கச் சொல்லுங்க. நேரமாச்சு. போயிட்டு வாரேன் யக்கா."

ஓடிவிட்டாள். ஆபீசில் நேரம் தப்பினால் பேரை வெட்டிவிடுவார்கள்.

தெருவில் நின்ற பெண்கள் அதற்குள் அவரவர் வீட்டுக்குள் போய்க் கலயத்தோடு வந்தார்கள். சில கலயத்தில் நாலு பிடி, சிலதில் ஒரு பிடி. ஒருத்தி கலயத்தைக் கவிழ்த்துக் காட்டி, "சுத்தமா இல்லக்கா" என்று சிரித்தாள். "அதைச் சொன்னியே, அது போதும்" என்றாள் வெள்ளைத்தாய். அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணே ஒரு கட்டு வேலிக்கருவை விறகைக் கொண்டுவந்து கொட்டகையில் போட்டாள்.

மத்தியானம் கொட்டகை நிறைந்திருந்தது. பஞ்சம்மாள் கஞ்சியை நீட்டித் தண்ணியாக்கித்தான் ஊற்ற வேண்டியிருந்தது. பிறகு அந்தப் புளியங்கொட்டைகளைச் சட்டியில் போட்டு வறுத்து, தோலை உடைத்து, உப்புத் தண்ணீர் தெளித்து, பல் முளைத்ததுகளுக்கெல்லாம் ஆளுக்குப் பாதியாகக் கொடுத்தாள். கொட்டகை பூராவும் கடக்கு மொடக்கு என்று சத்தம். "இனிமே கஞ்சி மிஞ்சுதேன்னு எவளாச்சும் சொன்னா வாயில சூடு வச்சுருவேன்" என்றாள், அதைச் சொன்னது தான்தான் என்பதை மறந்து.

அந்த வாரத்தோடு பிடி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. ஆபீஸ் லீவு என்பதால் மாடத்தியும் கூட வருவேன் என்றாள். கீழத்தெருவுக்கு மேலத்தெரு ஆள் வருகிற மாதிரி மேலத்தெருவுக்குக் கீழத்தெரு ஆள் போக வேண்டாமா என்பது அவள் கட்சி. முதல் ஞாயிற்றுக்கிழமை இருவரும் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். பெத்தணன் வாசல் வந்தது. நாலு வருஷமாகத் தாண்டிப் போன வாசல். வெள்ளைத்தாய் நின்றாள்.

"பிடியேய்!"

பெத்தணன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "ஏத்தா, நம்ம வீடு இதுல சேர்த்தி இல்லையே, தெரியாதா?"

"தெரியும் மாமா. ஆனா பாருங்க, ஒரு வாசலைக் கேக்காமத் தாண்டிப் போனா அந்த வீட்டை ஒதுக்கி வச்சிட்டதா அர்த்தமாம். எனக்கு இப்பத்தான் புரிஞ்சுச்சு. நாலு வருசமா ஒங்களை ஒதுக்கி வச்சிட்டோமேன்னு ரெண்டு நாளாத் தூக்கம் இல்ல. போடுறதும் போடாததும் ஒங்க பாடு. கேக்க வேண்டியது எங்க பாடு."

அவர் மாடத்தியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், எதிர்வீட்டு வாசலில் கூடிவிட்ட கூட்டத்தையும் பார்த்தார். "என்னைய யாரு ஒதுக்குறது!" என்று உறுமிவிட்டு உள்ளே போனார். கதவைச் சாத்தப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். அவர் மனைவி மூக்கம்மாள் வெளியே வந்தாள். கையில் ஒரு முறம் கேப்பை. "நாலு வருசமா நீ கேப்பே கேப்பேன்னு பாத்தேன், கேக்கலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே பெட்டியில் தட்டினாள்.

மழை வரவில்லை. பவுடர் டின்னும் வரவில்லை. தை, மாசி தாண்டிப் பங்குனியும் வந்தது. கஞ்சி ஒருநாள் கெட்டியாகவும் மூன்று நாள் தண்ணியாகவும் போனது. ஆனால் கொட்டகையை ஒருநாளும் சாத்தவில்லை. வைப்பாறு வராமலா போகும், வரும்போது பார்த்துக்கொள்வோம் என்று வெள்ளைத்தாய் எல்லாரிடமும் சொன்னாள். அவள் சொன்னால் கேட்கிறவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பங்குனிக் கடைசியில் செல்லப்பாண்டி காளைகளை விற்றார். தீவனம் இல்லாமல் கண்ணெதிரே சாகக் கொடுப்பதைவிட அது மேல். குலுக்கையின் அடியை வெள்ளைத்தாய் விளக்குமாறு கொண்டு கூட்டி எடுத்த வாரம் அது. அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மாடத்தியிடம் கொடுத்து, "எனக்கு ஒடம்பு சரியில்ல, நீ போயிட்டு வா" என்று உள்ளே வந்துவிட்டாள்.

தெரு நெடுக மாடத்தியின் சத்தம் ஒவ்வொரு வாசலாக நெருங்கி வந்தது. அக்கா வீடுதானே, நம் பாடு தெரிந்தவள்தானே, தாண்டிப் போய்விடுவாள் என்று வெள்ளைத்தாய் கதவுக்குப் பின்னால் நின்றாள். தாண்டிப் போகட்டும் என்று ஒரு மனசு. தாண்டிப் போய்விடுவாளோ என்று ஒரு மனசு.

காலடி வாசலில் நின்றது.

"யக்கா! பிடியேய்!"

உறியிலிருந்து கலயத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கவிழ்த்தாள். ஒரு பிடி கம்பும் நாலு புளியங்கொட்டையும் விழுந்தன. மாடத்தி பெட்டியைக் குலுக்கிப் பார்த்தாள். ஒரு கொட்டையை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"நல்லா முத்துன கொட்டை" என்று சொல்லிவிட்டு, பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போனாள்.